மனச்சோர்வும் கணினித் திரையும்

எமது பத்திரிகைகளில் நெடுங்காலமாக வழக்கிலுள்ள வாக்கியம் ஒன்று உண்டு. 'மனவிரக்தி காரணமாகத் தவறான முடிவெடுத்து உயிரிழந்துள்ளார்' என்பதே அது. பிரதேச நிருபர் அனுப்புவார், பொலிஸார் தெரிவித்ததாக அச்சேறும், மறுநாள் மறக்கப்பட்டுவிடும். அந்த மனவிரக்தி எத்தனை மாதங்களாக அந்த மனிதரோடு குடியிருந்தது, அவர் அதனை எவரிடமாவது சொன்னாரா, சொல்வதற்கு ஓர் ஆள் இருந்ததா என்ற வினாக்களுக்கு நான்கு வரிச் செய்தியில் இடம் கிடைப்பதில்லை.

1995 ஆம் ஆண்டில் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டனர். உலகின் மிக உயர்ந்த வீதங்களில் அதுவும் ஒன்று. பின்னர் கொடிய நஞ்சுத்தன்மை கொண்ட பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டதும் அவ்வீதம் மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. பொதுச் சுகாதாரத் துறையில் உலகமே எடுத்துக்காட்டாகக் கொள்ளும் வெற்றி இது. ஆயினும் அந்தத் தடை கைக்கு நஞ்சு எட்டுவதைத்தான் தடுத்தது. மனத்திலிருந்த பாரத்தை இறக்கி வைக்கவில்லை. இறந்தவர்களை எண்ணுவதற்கு அரசிடம் பதிவேடு இருக்கிறது. உயிரோடு இருந்தபடி உள்ளே இடிந்துபோயிருப்பவர்களை எண்ணுவது அத்தனை எளிதன்று.

மனச்சோர்வு என்பது நூல்களில் உள்ள சொல். 'எனக்கு மனச்சோர்வு' என்று சொல்லிக்கொண்டு எமது ஊரில் எவரும் வைத்தியரிடம் போவதில்லை. 'தலைக்குள்ளை ஏதோ பாரமாய்க் கிடக்கு', 'நெஞ்சு பதறுது', 'ஒண்டுக்கும் மனம் ஏவுதில்லை' என்றுதான் சொல்வார்கள். மனத்தின் நோவை உடல் எடுத்துப் பேசும் இந்த வழக்கத்தை யாழ்ப்பாணத்தின் மனநல மருத்துவர்கள் நன்கறிவர். போர் எம்மவரின் உள்ளங்களில் ஏற்படுத்திய காயங்களைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998 இலேயே ஆங்கிலத்தில் நூலாக எழுதிவிட்டார். 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் 'உளவளத்துணை' என்ற சொல் கிராமங்கள் வரை சென்றது. இருந்தும் 'அங்கொடைக்கு அனுப்ப வேண்டிய ஆள்' என்ற ஏளனப் பேச்சு மட்டும் எம்மைவிட்டுப் போகவில்லை.

இவற்றையெல்லாம் செய்தியாக அறிந்து வைத்திருந்த எனக்கு, 2021 ஆம் ஆண்டின் இறுதியில் அது வேறு விதமாக அறிமுகமானது. அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வரும். பிறகு உறக்கம் வராது. முப்பது ஆண்டுகளாக நாளொன்றுக்கு நான்கைந்து பத்திரிகைகளை வாசித்தவன், முதற்பக்கத்தைத் தாண்ட முடியாமல் மடித்து வைத்தேன். ஒரு தலைப்புப் போடுவதற்கு அரை மணிநேரம் சென்றது. துக்கம் என்று சொல்லவும் முடியாது. துக்கத்துக்கு ஒரு காரணம் இருக்கும், அழுகை இருக்கும். இது வெறுமை.

வைத்தியசாலைக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணம் பெரிய நகரம் அல்ல. மனநல சிகிச்சை நிலையத்தின் வாங்கில் அமர்ந்திருப்பவனைக் கடந்து செல்லும் பத்துப் பேரில் மூவருக்கேனும் அவனைத் தெரிந்திருக்கும். பத்திரிகைக்காரன் என்றால் கேட்கவே வேண்டாம். கணினித் திரை அந்த வாங்கை இல்லாமல் செய்தது. பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளைகளின் படிப்பு முதல் அந்தியேட்டிக் கிரியை வரை திரைக்குள் வந்துவிட்டிருந்தமையால், உளவளத்துணையும் அவ்வாறு கிடைக்கும் என்பது வியப்பாக இருக்கவில்லை.

முதலில் வெளிநாட்டுச் சேவை ஒன்றில் பதிந்தேன். உளவளத்துணையாளர் கனிவானவர், ஆங்கிலத்தில் பேசினார். நானும் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். இலக்கணப் பிழையின்றிச் சொன்னேன். அதுதான் சிக்கல். என் துயரத்தை ஒரு செவ்விக்குப் பதிலளிப்பவனைப் போல ஒழுங்குபடுத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன். 'மனம் ஏவுதில்லை' என்பதற்கு அந்த மொழியில் என்னிடம் சொல் இருக்கவில்லை. இரண்டு அமர்வுகளோடு அது நின்றது.

பிறகு நண்பர் ஒருவர் மூலம் இலண்டனில் வசிக்கும் தமிழ் உளவளத்துணையாளர் ஒருவர் கிடைத்தார். சிறு வயதில் பெற்றோருடன் இங்கிருந்து சென்றவர். என் மகளிலும் சில வயது மூத்தவர். அங்கு பிற்பகல் நான்கு மணி என்றால் இங்கு இரவு ஒன்பதரை. வீட்டார் தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கும் நேரம். கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசுவேன்.

முதல் நாளிலேயே ஒன்பது வினாக்கள் கொண்ட படிவம் ஒன்றை நிரப்பச் சொன்னார். பீ.எச்.கியூ.-9 என்று அதனை அழைப்பர். உலகெங்கும் பயன்படுவது. கடந்த இரண்டு வாரங்களில் உறக்கம், பசி, ஆர்வம், கவனம் முதலியன எவ்வாறு இருந்தன என்று கேட்கும், ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளி, மொத்தம் 27. எட்டு வினாக்களை விரைவாக முடித்தேன். ஒன்பதாவது, இறந்துபோவது நல்லது என்ற எண்ணம் வருவதுண்டா என்பது. அதை வெறுமையாக விட்டிருந்தேன். அதையே அவர் வாய்விட்டுக் கேட்டார். நான் பேசவில்லை. சில விநாடிகள் கழிந்தன.

"அங்கிள், லைன் நிண்டுட்டுதோ?"

"இல்லைப் பிள்ளை, லைன் நிக்கேல்லை. நான்தான் நிக்கிறன்."

அவர் அவசரப்படவில்லை. ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. "நிண்டு யோசியுங்கோ, நான் இருக்கிறன்" என்றார். அன்றுதான் வருவதுண்டு என்று முதன்முதலாக ஒரு மனிதரிடம் சொன்னேன். ஆயிரக்கணக்கானோரிடம் வினாக் கேட்டுப் பிழைத்தவனிடம் அந்த வினாவை அதுவரை எவரும் கேட்கவில்லை. அவ்வாறு கேட்டால் இல்லாத எண்ணம் தோன்றிவிடும் என்று பலர் அஞ்சுவார்கள். அது உண்மையல்ல என்பதே மனநலத் துறையின் முடிபு. கேட்கப்படும்போது எண்ணத்தின் கனம் குறைகிறது. எனக்குக் குறைந்தது.

தொடர்ந்து வந்த வாரங்களில் அவர் தந்த பணி மிக எளிமையானது. ஓர் அப்பியாசக் கொப்பியில் நாளை மணிவாரியாகப் பிரித்து, என்ன செய்தேன், அது எவ்வளவு நிறைவு தந்தது என்று பத்துக்குள் புள்ளியிட வேண்டும். மனம் சரியாகட்டும், பிறகு எழுந்து நடப்போம் என்று நாம் காத்திருக்கிறோம். முதலில் எழுந்து நட, மனம் பின்னால் வரும் என்பது இச்சிகிச்சை முறையின் அடிப்படை. மாலையில் பண்ணைப் பக்கம் நடந்தேன். முதல் நாள் அதற்கு இட்ட புள்ளி ஒன்று. மூன்றாம் வாரம் நான்கு.

திரையால் இழப்பதும் உண்டு. கண்ணுக்குக் கண் பார்க்க முடிவதில்லை. கமராவைப் பார்த்தால் முகம் தெரியாது, முகத்தைப் பார்த்தால் கமரா தெரியாது. கை நடுங்குவது எதிரிலிருப்பவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் விட, ஆபத்தான இரவொன்றில் ஐயாயிரம் மைலுக்கு அப்பாலுள்ளவர் ஓடி வர முடியாது. ஆகையால் எனக்கு அருகிலுள்ள ஒருவரின் தொலைபேசி இலக்கத்தைத் தந்தால்தான் தொடரலாம் என்று நிபந்தனை விதித்தார். அதனால் மனைவிக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர், "எனக்கு எப்பவோ தெரியும்" என்றார்.

2022 மார்ச் மாதம் நாடே இருளில் மூழ்கியது. மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு. மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து அமர்வுகளை மாற்றினோம். அதைவிடப் பெரிய அடி நாணயத்தில் விழுந்தது. டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்தது இரண்டு மாதங்களில் 360 அளவுக்குச் சென்றபோது, வெளிநாட்டு நாணயத்தில் கட்டணம் செலுத்துவது ஒரு பத்திரிகைக்காரனின் சம்பளத்துக்கு அப்பாற்பட்டதாயிற்று. கட்டணத்தைக் குறைக்க அவர் முன்வந்தார். அதோடு இன்னொன்றும் சொன்னார்: "உங்களுக்கு மருந்தும் தேவைப்படலாம் அங்கிள். அதை நான் எழுத ஏலாது. அங்கை ஆஸ்பத்திரிக்குப் போங்கோ."

போனேன். எந்த வாங்குக்கு அஞ்சினேனோ அதே வாங்கில் இரண்டு மணிநேரம் அமர்ந்திருந்தேன். தெரிந்த முகங்கள் இரண்டு அங்கு ஏற்கனவே அமர்ந்திருந்தன. ஒருவருக்கொருவர் தலையசைத்தோம், அவ்வளவுதான். வைத்தியர் குளிசை எழுதினார். அது வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் செல்லும், அதற்குள் விட்டுவிட வேண்டாம், நலமான பின்னரும் தாமாக நிறுத்த வேண்டாம் என்று இரு தடவை சொன்னார். ஒரு சதமும் செலவில்லை. இந்த நாட்டின் இலவச மருத்துவத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் எழுதியிருக்கிறேன்; அதன் பெறுமதியை அந்த வரிசையில்தான் முழுமையாக உணர்ந்தேன்.

இணையவழிச் சேவைகளை நாடுவோருக்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பின்லாந்தின் வஸ்தாமோ என்ற உளச்சிகிச்சை நிறுவனத்தின் கோப்புகள் களவாடப்பட்டு, 2020 இல் நோயாளிகளிடம் நேரடியாகவே கப்பம் கேட்கப்பட்டது. 2023 இல் அமெரிக்காவின் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், பயனர்களின் தகவல்களை விளம்பரத்துக்காகப் பேஸ்புக் போன்றவற்றுடன் பகிர்ந்தது என்ற குற்றச்சாட்டின் பேரில் 78 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. எம் அந்தரங்கம் எங்கே சேமிக்கப்படுகிறது, உளவளத்துணையாளரின் தகைமை என்ன என்று கேட்பது எமது உரிமை.

இப்போது இளைஞர்கள் இயந்திரத்திடமே துயரத்தைச் சொல்கிறார்கள். இது புதிதல்ல. 1966 இல் ஜோசப் வைசன்பாம் உருவாக்கிய எலைசா என்ற எளிய கணினி நிரலோடு பேசிய அவரது செயலாளரே, சற்று வெளியே செல்லுங்கள் என்று அவரிடம் கேட்டாராம். மனிதருக்குக் கேட்கும் செவி அவ்வளவு அவசியமாக இருக்கிறது. ஆனால் என் மௌனத்தைக் கண்டு, அது இணைப்பின் கோளாறா மனத்தின் கோளாறா என்று பதறிய ஒரு குரல்தான் என்னைப் பேச வைத்தது.

நான் முற்றாகக் குணமடைந்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். குளிசை நின்றுவிட்டது, மூன்று மணி விழிப்பு எப்போதாவது வரும், கொப்பி மேசையில் இருக்கிறது. பேச ஆளில்லை என்று எண்ணுவோருக்குத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது. 1333 என்ற இலவச உளவளத்துணை இலக்கமும், 1974 முதல் இயங்கும் சுமித்ரயோவும் உள்ளன. திரை வழியாகவோ தொலைபேசி வழியாகவோ வாங்கில் அமர்ந்தோ, எந்த வாசல் அருகில் இருக்கிறதோ அதனால் நுழையுங்கள். ஒரு வாசல் அடுத்த வாசலைக் காட்டும்.