நம் நினைவுகள் யார் வீட்டில்?

ஒரு பங்கின் ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வெறும் பெயர்ப் பட்டியல் அன்று என்பது. பிறந்த நாள், பெற்றோர், ஞானப் பெற்றோர், பின்னாளில் ஓரத்தில் குறிக்கப்பட்ட திருமணம் என்று, மங்கிய மையில் ஓர் ஊரே அங்கு அமர்ந்திருக்கும். ஒவ்வொரு பங்கும் இத்தகைய பதிவேடுகளையும் அவற்றுக்கென ஓர் ஆவணக் காப்பிடத்தையும் வைத்திருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 535-ஆம் பிரிவு பணிக்கிறது. எழுதும் கை மாறும்; பங்குத்தந்தை மாறுவார்; புத்தகம் அங்கேயே இருக்கும்.

கருமத்தம்பட்டி போன்ற பழைய ஊருக்கு இதன் அருமை தெரியும். 1846 அக்டோபர் 4 அன்று இவ்வூரில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக், தாம் இந்தியாவில் உழைத்த ஆண்டுகளைப் பற்றி விரிவாக எழுதி வைத்தார். 1859-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் ஃப்ரீடவுன் நகரில் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையார் அவ்வெழுத்துகளைப் பேணி வைத்தமையால், அந்நாளைய கொங்கு நாட்டை இன்று நாம் காண முடிகிறது.

ஆனால் இன்று நாம் எழுதுவனவெல்லாம் எங்கே இருக்கின்றன? திருவிழாத் தேரின் படம், பேரக்குழந்தையின் முதல் நற்கருணை, இறந்தவரின் அடக்கச் செய்தி, துபாயில் இருக்கும் மகனுக்கு அம்மா அனுப்பும் குரல் ஆகிய அனைத்தும், நாம் ஒருபோதும் காணாத ஒரு நிறுவனத்தின் கணினிக்குள் இருக்கின்றன. எங்கள் உறவினரும் நண்பருமாக நாற்பது பேர் சேர்ந்து, ஒரு சமூக வலைத்தளத்தில் ஒன்பது ஆண்டுகள் ஒரு பக்கம் நடத்தி வந்தோம். ஊரின் முதியவர்கள் பலர் தறிக்குழியில் கால் வைத்து நெய்த காலத்தைத் தம் வாயாலேயே சொன்ன ஒலிப்பதிவுகள் அதில் இருந்தன. ஒரு நாள் காலையில் அந்தப் பக்கம் பூட்டப்பட்டிருந்தது. விதி மீறப்பட்டது என்று ஒரு வரி வந்தது. எந்த விதி என்று சொல்லப்படவில்லை. முறையிட்டோம். இயந்திரம் எழுதிய பதில் வந்தது. அத்தோடு அது முடிந்தது. அக்குரல்களுக்கு உரியவர்களில் மூவர் அதற்கு முன்பே இறந்திருந்தனர்.

சோமனூர், கருமத்தம்பட்டி வட்டாரத்து விசைத்தறியாளருக்கு இதைத் தறி மொழியிலேயே விளக்கலாம். கூலிக்கு நெய்பவருக்குத் தறி சொந்தம். பாவு நூல் ஜவுளிக்காரருடையது. துணியைக் கொடுத்துக் கூலி வாங்குகிறோம். சமூக வலைத்தளத்திலோ நூலும் நம்முடையது, உழைப்பும் நம்முடையது. தறிக்கூடம் மட்டும் அவர்களுடையது. கூலி இல்லை என்பதுகூடப் பெரிதன்று. கூடத்தை அவர்கள் பூட்டினால், நெய்த துணியும் உள்ளேயே அகப்பட்டுக்கொள்கிறது.

பூட்டுவது புதிதும் அன்று. 2004-இல் தொடங்கி நம் இளைஞர்களை ஈர்த்த ஆர்குட் 2014 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. 2011-இல் வந்த கூகுள் பிளஸ் பொதுமக்களுக்கு 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. நம் நாட்டு மொழிகளில் எழுதலாம் என்று 2020-இல் வந்த ‘கூ’ செயலி 2024 ஜூலையில் நின்றது. பெரிய நிறுவனம், சிறிய நிறுவனம், அயல்நாட்டது, உள்நாட்டது என்ற வேறுபாடு இதில் இல்லை.

இந்தக் கேள்வி 2019-இல் நம் நாட்டில் சற்று உரக்கவே எழுந்தது. 1936-இல் ஹாம்பர்க் கப்பல் தளத்தில் எல்லாரும் நாஜி வணக்கம் செய்ய, ஒருவர் மட்டும் கைகட்டி நிற்கும் புகழ்பெற்ற படம் ஒன்றுண்டு. அதைத் தம் ட்விட்டர் பக்கத்தில் வைத்திருந்த உச்சநீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கு அவ்வாண்டு அக்டோபரில் முடக்கப்பட்டது. அதனால் மனம் வருந்திய இந்தியர் பலர், நவம்பரில் மாஸ்டடான் என்னும் வேறொரு வலையமைப்புக்குச் சென்றனர். ஜெர்மனியில் ஆய்கன் ரோச்கோ என்னும் இளைஞர் 2016-இல் தொடங்கியது அது.

அதன் சிறப்பு என்னவெனில், அதற்கு ஒரே உரிமையாளர் இல்லை. அஞ்சலகத்தைப் போன்றது அதன் அமைப்பு. கருமத்தம்பட்டிக்கு ஓர் அஞ்சலகம், கொழும்புக்கு ஓர் அஞ்சலகம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பொறுப்பாளர் உண்டு. ஆயினும் கடிதம் போய்ச் சேருகிறது. அதுபோல எவரும் தம் சொந்தக் கணினியில் இம்மென்பொருளை நிறுவி, உலகெங்கும் உள்ள மற்ற மாஸ்டடான் வழங்கிகளோடு பேசலாம். அவை ஒன்றோடொன்று பேசுவதற்கான ஆக்டிவிட்டிபப் என்னும் பொது நெறி, 2018 ஜனவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பால் ஏற்கப்பட்டது. மென்பொருளுக்கு விலையும் இல்லை.

எனில் எல்லாரும் ஏன் நிறுவவில்லை? நிறுவுவது அவ்வளவு கடினமாக இருந்தது என்பதுதான் நெடுநாள் விடை. ஒரு மென்பொருள் இயங்க வேறு பத்து மென்பொருள்கள் வேண்டும். ஒவ்வொன்றும் குறிப்பிட்ட பதிப்பாக இருக்க வேண்டும். ஒருவர் கணினியில் ஓடுவது மற்றவர் கணினியில் ஓடாது. இந்தத் தொல்லைக்கு வந்த தீர்வை, நம் நெடுஞ்சாலையில் நின்று பார்த்தாலே விளங்கிக்கொள்ளலாம்.

திருப்பூர்ப் பனியன்களை ஏற்றிய கன்டெய்னர் வண்டிகள் கருமத்தம்பட்டியைக் கடந்து கொச்சி நோக்கிச் செல்வதைக் காண்கிறோம். வல்லார்பாடம் என்றதும் நமக்கு அன்னையின் திருத்தலம் நினைவுக்கு வரும். அதே தீவில்தான் 2011 முதல் கன்டெய்னர் முனையமும் இயங்குகிறது. 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்கர் 58 பெட்டகங்களை ஒரே கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதற்குமுன் மூட்டை மூட்டையாக, ஆள் வைத்து ஏற்றி இறக்கினர். பெட்டகத்தின் அளவு ஒன்றாகிவிட்டபின், உள்ளே இருப்பது பனியனா பாத்திரமா என்று கப்பலும் கேட்பதில்லை, பாரந்தூக்கியும் கேட்பதில்லை.

கணினியிலும் அதே எண்ணம்தான். டாக்கர் என்னும் கருவியைச் சாலமன் ஹைக்ஸ் 2013 மார்ச்சில் உலகுக்குக் காட்டினார். கப்பல் துறைத் தொழிலாளியைக் குறிக்கும் சொல் அது. ஒரு மென்பொருளையும் அதற்கு வேண்டிய துணைகளையும் ஒரே பெட்டகத்தில் அடைத்துவிட்டால், அதை எந்த லினக்ஸ் கணினியிலும் இறக்கி இயக்கலாம்.

எங்கள் நாற்பது பேருக்கும் ஒரு வழங்கியை நிறுவ முன்வந்தவன் என் தம்பி மகன். கோவையில் கணினிப் பொறியாளன். மாத வாடகைக்கு ஒரு லினக்ஸ் கணினியை எடுத்துக்கொண்டு, இரண்டு மூன்று பக்கங்களுக்கு மேற்படாத ஒரு கோப்பை எழுதினான். அதில் ஐந்து பெட்டகங்கள் குறிக்கப்பட்டிருந்தன. பக்கங்களைக் காட்டுவது ஒன்று. புதிய செய்திகளை உடனுக்குடன் தள்ளுவது ஒன்று. மற்ற வழங்கிகளுக்குக் கொண்டுசேர்க்கும் பின்னணி வேலைகளைச் செய்வது ஒன்று. எல்லாவற்றையும் எழுதி வைக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒன்று. விரைவுக்காகத் தற்காலிகமாக நினைவில் வைக்கும் ரெடிஸ் ஒன்று. வாயிலில் ஒரு காவலன் போல வேறொரு மென்பொருள் நின்று, வருவோரின் இணைப்பை மறையாக்கி உள்ளே அனுப்புகிறது. ஒரே கட்டளையில் ஐந்தும் எழுந்து நின்றதை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

பிறகு அவன் செய்தது எனக்கு வியப்பாக இருந்தது. ஓடிக்கொண்டிருந்த பெட்டகங்கள் ஐந்தையும் நிறுத்தி, அழித்தான். நான் பதறினேன்.

“பெட்டி போனாப் போகட்டுமுங்க பெரியப்பா. அது எப்ப வேணா வரும். உள்ள வச்ச பொருள் வெளியில பத்திரமா இருக்குதுங்க” என்றான்.

மீண்டும் அதே கட்டளை. மீண்டும் ஐந்தும் எழுந்தன. நாங்கள் ஏற்றியிருந்த படங்கள் அப்படியே இருந்தன. பெட்டகங்கள் அழிந்து அழிந்து பிறப்பதற்கென்றே அமைந்தவை. புதிய பதிப்பு வந்தால் பழையதை எறிந்துவிட்டுப் புதியதை இறக்க வேண்டியதுதான். ஆகவே அழியக்கூடாதவற்றைப் பெட்டகத்துக்கு வெளியே, கணினியின் வட்டில் தனியிடத்தில் வைக்க வேண்டும். அவை மூன்று: தரவுத்தளம், உறுப்பினர் ஏற்றிய படங்களும் ஒலிகளும், இரகசியச் சாவிகள் அடங்கிய சிறு கோப்பு. இம்மூன்றுக்கும் நாள்தோறும் நகல் எடுத்து வேறோர் ஊரில் வைக்க வேண்டும். நான்காவது ஒன்றும் உண்டு: பெயர். வழங்கிக்கு முதலில் எந்த முகவரியைச் சூட்டுகிறோமோ அதைப் பின்னர் மாற்ற இயலாது. மற்ற வழங்கிகள் நம்மை அறிவது அப்பெயரால்தான். ஆண்டுதோறும் பணம் செலுத்தி அதைப் புதுப்பிக்கத் தவறினால், வீடு இருந்தும் விலாசம் போய்விடும்.

இவ்வளவும் கேட்டபின், தையல் நிலையம் நடத்தும் எங்கள் அக்கா ஒருவர் கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் நிறுத்தியது. “கட்டறது சரி சாமி. நீ நாளைக்கு வெளிநாடு போயிட்டா இத யாரு பாத்துக்குவாங்க?”

அவனுக்கு ஜெர்மனியில் வேலை உறுதியாகியிருந்தது. மூன்று மாதம்தான் இருந்தது.

அக்காவின் கேள்வி நாற்பது பேருக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர், ஒன்றியத்தின் நிறுவனங்களுக்கென 2022 ஏப்ரலில் ஒரு மாஸ்டடான் வழங்கியைத் தொடங்கினார். பணத்துக்கோ பொறியாளருக்கோ குறைவில்லாத இடம். ஆயினும் அதைத் தொடர்ந்து ஏற்று நடத்த வேறு எந்த நிறுவனமும் முன்வராமையால், 2024 மே மாதம் அது மூடப்பட்டது. மென்பொருள் பழுதாகவில்லை, பொறுப்பேற்க ஆள் கிடைக்கவில்லை. மாறாக, ரோச்கோ தாம் பெற்ற பிள்ளையாகிய மாஸ்டடானின் தலைமைப் பொறுப்பிலிருந்து 2025 நவம்பரில் தாமே விலகி, அதை இலாப நோக்கற்ற அமைப்பிடம் ஒப்படைத்தார். முன்னதில் ஒப்படைக்க எவரும் இல்லை. பின்னதில் ஒப்படைப்பு முன்கூட்டியே திட்டமிடப்பட்டது.

பார்த்துக்கொள்ளுதல் என்பது இயந்திரத்தை மட்டும் பார்ப்பதும் அன்று. நாற்பது பேர் கூடும் இடத்தில் ஒருவர் மற்றவரைப் புண்படுத்தலாம். அடுத்தவர் படத்தை ஒப்புதலின்றிப் போடலாம். அப்போது ‘இதை நீக்குங்கள்’ என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும். இத்தகைய தளம் நடத்துவோர் முறையீடுகளைக் கேட்க ஓர் அலுவலரின் பெயரை வெளியிட வேண்டும் என்று நம் நாட்டின் 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளும் கூறுகின்றன. வத்திக்கானின் தொடர்பியல் துறை 2023 மே மாதம் சமூக ஊடகம் பற்றி வெளியிட்ட மேய்ப்புப்பணிச் சிந்தனை, நல்ல சமாரியர் உவமையையே அடித்தளமாகக் கொண்டது பொருத்தமே. வழியில் விழுந்து கிடப்பவரை இயந்திரம் காணாது.

இறுதியில் நாங்கள் செய்தது எளியது. மூவரைத் தேர்ந்தோம்: அக்கா, கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், வயதில் மூத்தவன் என்ற முறையில் நான். சச்சரவுகளை அக்கா பார்க்கிறார். பெயரையும் வாடகையையும் புதுப்பிக்கும் பணம் என் பொறுப்பு. இயந்திரம் அந்தப் பெண்ணின் கையில். தம்பி மகன் புறப்படுமுன் ஒரு தேர்வு வைத்தான். தான் எதையும் தொடாமல், வெறும் கணினி ஒன்றையும், அந்தக் கோப்பையும், முந்தைய இரவின் நகலையும் அவளிடம் கொடுத்தான். இரண்டு மணி நேரம் ஆயிற்று. எல்லாப் பக்கங்களும் அங்கு மீண்டும் எழுந்தபோது, யாரோ ஒருவர் தொலைபேசியில் பதிந்து வைத்திருந்ததால் தப்பிய ஒரு முதியவரின் குரலை ஒலிக்கவிட்டாள். மற்ற இருவரின் குரல்கள் திரும்பவே இல்லை. இனித் திரும்பப் போவதும் இல்லை.

பெட்டக முறையின் உண்மையான நன்மையை அன்றுதான் உணர்ந்தேன். விரைவாகக் கட்டலாம் என்பது சிறு நன்மை. கட்டும் முறை ஒருவர் தலைக்குள் இராமல், எவரும் படித்துச் செய்யக்கூடிய எழுத்தாக இருக்கிறது என்பதே பெரிது. நம் முன்னோர் பதிவேட்டில் செய்ததும் இதுவே. எழுதியவர் போனபின்னும் அடுத்தவர் தொடரும்படி எழுதி வைத்தனர்.

வாசக அன்பர்கள் எல்லாரும் நாளையே வழங்கி நிறுவ வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு ஆளும் பொறுமையும் வேண்டும். ஆனால் இன்றிரவு ஒரு கேள்வியையாவது குடும்பமாக அமர்ந்து கேட்டுக்கொள்ளலாம்: நம் பெரியவர்களின் முகமும் குரலும் இப்போது யார் வீட்டில் இருக்கின்றன? அந்த வீடு பூட்டப்பட்டால், அவற்றின் நகல் நம்மிடம் உண்டா? நமக்குப்பின் அதைக் காக்கப்போகிறவரிடம் சாவி எங்கே இருக்கிறது என்று சொல்லியிருக்கிறோமா?