பெற்றவளுக்கும் ஒரு காவல்

தார்நாகாவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் குழந்தை பிறந்தால், சர்க்கரை வழங்கவும் ஊருக்குச் செய்தி சொல்லவும் ஆள் குறைவதில்லை. எல்லோர் கண்களும் தொட்டிலின்மேல் இருக்கும். பெற்றவளை நோக்கியிருக்கும் கண்கள் பெரும்பாலும் செவிலியுடையவையே. என் தங்கையின் பிள்ளைப்பேற்றின்போது இதை நேரிற் கண்டேன்.

பேறு முடிந்தபின் நர்ஸம்மா கால்மணிக்கு ஒருமுறை வந்தார், நாடி பார்த்தார், இரத்த அழுத்தம் அளந்தார், அடிவயிற்றில் கைவைத்துக் கருப்பை இறுகியிருக்கிறதா என்று சோதித்தார். "அவள் சற்றுத் தூங்கட்டுமே, அம்மா!" என்றார் எங்கள் அத்தை. நர்ஸம்மா புன்னகைத்தாரேயன்றி நிறுத்தவில்லை. மூன்றாம் முறை வந்தபோது கருப்பை தளர்ந்திருந்தது, விரிப்பு நனைந்திருந்தது. உடனே டாக்டருக்குக் குரல் கொடுத்துவிட்டு, கருப்பை இறுகும்படி வயிற்றைத் தேய்த்துவிட்டார். ஊசியும் போடப்பட்டது, இரத்தப்பெருக்கு நின்றது. அதுவரை தங்கை வலியென்று ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதை எண்ணினால் இன்றும் உள்ளம் நடுங்குகிறது.

போகும் இரத்தத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் கணக்குப் பெரும்பாலும் குறைந்தே போகும். ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில், 80 மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வு 2023-இல் வெளிவந்தது. அளவுக்கோடுகளிட்ட விரிப்பால் இரத்தத்தை அளந்து, வேண்டிய சிகிச்சைகள் அனைத்தையும் ஒருங்கே தொடங்கிய இடங்களில், கடுமையான பெருக்கு முதலிய கேடுகள் 60 விழுக்காடு குறைந்தன. காலத்தே கண்டறிவதன் பயன் அத்தகையது.

இரத்தசோகை உள்ளவளோ சிறிய இழப்பையும் தாங்கமாட்டாள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியக் கருவுற்ற பெண்களில் 52.2 விழுக்காட்டினர் சோகையுடையோர். 1958-இல் குன்னூரிலிருந்து, நம்மைப்போலவே, இங்குக் குடிபெயர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம் பேட்டையிலேயே இருக்கிறது. அதன் வாயிலைக் கடக்கும்போதெல்லாம் கீரையும் இரும்புச்சத்து மாத்திரையும் நம் நினைவுக்கு வரவேண்டும்.

வேற்றுமொழி நாட்டில் நமக்கு மற்றொரு கடமையும் உண்டு. தலை சுற்றுகிறது என்று நம் பெண் தமிழில் முனகினால், தெலுங்குச் செவிலிக்கு எப்படி விளங்கும்? "கள்ளு திருகுதுன்னாயி" என்று சொல்லக் கற்பியுங்கள். கள் என்று நகைக்கவேண்டாம். தெலுங்கில் அது கண்களைக் குறிக்கும். வீடு திரும்பியபின் காய்ச்சல், கடுந்தலைவலி, பார்வை மங்கல், மிகுந்த இரத்தப்போக்கு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், பிள்ளை பெற்ற அசதி என்று கஷாயம் காய்ச்சிக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். அங்கே செவிலி காத்த காவலை இல்லத்தில் நாம்தாம் தொடரவேண்டும்.