புறாமலைக் கடலடியில் ஒரு முற்பகல்

முருகைக்கல் என்றால் நம்மவர் யாவரும் அறிவர். கரையோரக் கிராமங்களிலே பழைய வீட்டுச் சுவர்களிலும் மதில்களிலும் அதனைக் காணலாம். சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கியும் வந்தனர். ஆனால், அந்தக் கல் கடலினுள்ளே உயிரோடு விளங்கும் கோலத்தைக் கண்ணாற் கண்டவர் நம்மிடையே எத்தனை பேர்? வெளிநாட்டார் பல்லாயிரம் மைல் கடந்து வந்து கண்டு செல்லும் அக்காட்சிக்கு, திருகோணமலையிலிருந்து வடக்கே ஏறக்குறைய 15 கிலோமீற்றர் சென்று, நிலாவெளிக் கரையில் ஒரு வள்ளம் ஏறினாற் போதும்.

கரைக்கு எதிரே ஒரு கிலோமீற்றர் தூரத்தில், பெரிதும் சிறிதுமாக இரண்டு பாறைத் தீவுகள் கிடக்கின்றன. பெரியதென்று சொல்லப்படுவதுங்கூட 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமுமே உடையது. பாறை இடுக்குகளிலே கூடு கட்டி வாழும் மாடப்புறாக்களால் வந்த பெயரே புறாமலை என்பது. பிரித்தானியர் காலத்திலே இத்தீவைத் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்கு இலக்காக வைத்திருந்தனராம். 1963ஆம் ஆண்டிற் சரணாலயமாகவும், 2003ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாகவும் இது பிரகடனஞ் செய்யப்பட்டது. வனசீவராசிகள் திணைக்களத்தாரிடம் அனுமதிச் சீட்டுப் பெற்ற பின்னரே வள்ளக்காரர் நம்மை ஏற்றுவர்.

தீவின் வெண்மணலில் இறங்கி முழங்காலளவு நீரில் நின்று பார்ப்பவருக்கு, கீழே ஏதோ கருமையாக ஆடுவது போன்று தோன்றுமேயன்றி வேறொன்றும் புலப்படாது. நம் கண் காற்றிலே பார்ப்பதற்கென்று அமைந்தது. நீர் அதனைத் தொட்டவுடன் யாவும் மங்கிவிடுகின்றன. கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடியை அணிந்தால், கண்ணுக்கும் நீருக்குமிடையே சிறிது காற்று நின்று பார்வையைத் திருத்துகின்றது. அவ்வளவுதான் வித்தை. வாயிலே கவ்விய மூச்சுக்குழாயின் மறுமுனை நீருக்கு மேலே நிற்க, குப்புற மிதந்தபடி எத்தனை நேரமும் பார்த்துக்கொண்டிருக்கலாம். பொருள்கள் உள்ளதிலும் மூன்றிலொரு பங்கு பெரிதாகத் தோன்றுமாதலால், அங்கே கண்ட மீனின் அளவைப் பற்றிக் கரைக்கு வந்து சத்தியஞ் செய்யாதிருத்தல் நலம்!

மான்கொம்பு போலக் கிளைத்தவை, மேசை போல விரிந்தவை, மூளை போல மடிப்பு மடிப்பாய்த் திரண்டவை என முருகைகள்தாம் எத்தனை! திருகோணமலைப் பகுதிக் கடலில் ஏறக்குறைய 100 வகை முருகைகளும் 300 வகை மீன்களும் உள்ளனவென்று கணக்கிட்டிருக்கின்றனர். அவற்றுட் பல இங்கேயே உண்டு. கிளிமீன்கள் கூட்டமாக வந்து முருகையைக் கறுக்குக் கறுக்கென்று கடிக்கும் ஓசை நீருக்குள்ளே தெளிவாகக் கேட்கின்றது. அவை விழுங்கிய சுண்ணாம்பு பின்னர் வெண்மணலாக வெளியேறுகின்றது. நாம் நடந்துவந்த மணலிலும் அவற்றின் உழைப்பு உண்டு.

எங்கள் வள்ளத்தில் யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவரும் வந்திருந்தார். எழுபது வயதிருக்கும். சேலையை வரிந்துகொண்டு ஆழமற்ற நீரில் உட்கார்ந்திருந்தவரிடம் பேரன் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தான். முகத்தை மாத்திரம் நீரில் வைத்துப் பார்த்தவர், நெடுநேரம் நிமிரவேயில்லை. பின்னர், “கல்லெண்டெல்லோ இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன், தம்பி!” என்றார்.

எல்லோருக்கும் உள்ள எண்ணந்தான் அது. கடுகளவும் மிளகளவுமான கோடிக்கணக்கான சிறு பிராணிகள், தாம் குடியிருக்கவென்று கட்டும் சுண்ணாம்பு வீடே முருகை. அப்பிராணிகளின் உடலினுள்ளே வாழும் நுண்ணிய பாசி வெயிலைக் கொண்டு உணவாக்கி அவற்றுக்கு ஊட்டுகின்றது, நிறத்தையும் கொடுக்கின்றது. கடல் அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் பாசி அகன்றுவிட, முருகை வெளிறி மாளும். 1998ஆம் ஆண்டில் ஹிக்கடுவை முருகைகளிற் பெரும்பகுதி இவ்வாறே அழிந்தது. புறாமலை அம்முறை பெரும்பாலும் தப்பிப் பிழைத்தது.

சூட்டுக்குத் தப்பியது காலுக்குத் தப்புமா என்பதே இப்பொழுதுள்ள கவலை. மூளை முருகை ஓராண்டில் ஒரு சென்ரிமீற்றர் தானும் வளர்வதில்லை. அதன் உயிர்ப்பகுதியோ மேலே படர்ந்த மெல்லிய தோல் மாத்திரமே. நீந்தத் தெரியாத நம்மவர் உயிர்காப்பு அங்கியுடன் இறங்கி, மூச்சுக்குழாயினுள் ஒரு வாய் உப்புநீர் புகுந்ததும் திடுக்கிட்டுக் காலை ஊன்றி எழுந்து நிற்கின்றனர். நிற்பது முருகையின் மேலே! அன்று குடும்பத்தோடு வந்த ஒருவர் அவ்வாறு நின்று, பிள்ளைகளையும் தம்மருகே ஏற்றி நிறுத்தினார். “காலை ஊன்றாதீங்க ஐயா, அது உயிருள்ள சாமான்!” என்று வள்ளக்காரர் கூவிய குரல் அவர் காதில் ஏறவில்லை. அவர்கள் இறங்கிய பின், கொம்பு முருகையொன்று நொறுங்கி வெள்ளை வெளேரென்று கிடந்தது. அவரைக் குறை சொல்லி ஆவதென்ன? கல்லென்றே நினைத்தார். புறப்படுமுன் நிலாவெளி மணற்கரையில் அரைமணி நேரம் மிதந்து பழகச் செய்தபின் ஏற்றினால், பாதிச் சேதம் குறையும் என்பது என் அபிப்பிராயம்.

தீவின் மறுபுறத்திலே முதுகுச் செட்டையின் நுனி கறுத்த சிறு சுறாக்கள் உலாவுகின்றன. முழு வளர்ச்சியடைந்தவையும் ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் நீளமே. ஆளைக் கண்டதும் விலகி ஓடும் கூச்ச சுபாவமுடையவை. மன்னாரிலே முத்துக் குளித்த காலத்தில், சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுவதற்கென்று கடற்கட்டி என்னும் மந்திரவாதியைச் சம்பளங் கொடுத்து வைத்திருந்தனர். அவரின்றிச் சுழியோடிகள் நீரில் இறங்கார். இந்தச் சுறாக்களுக்கு அவர் வேண்டியதில்லை.

மிதப்பதோடு அமையாமல் ஆழத்திற் செல்ல விரும்புவோர், அமுக்கிய காற்றடைத்த உருளையை முதுகிற் சுமந்து சுழியோடுகின்றனர். அதில் இருப்பது ஒட்சிசன் என்று பலர் நினைப்பது தவறு; சாதாரணக் காற்றே. 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேலே உள்ளதைப்போல் இரு மடங்காகின்றது. அங்கிருந்து மூச்சை அடக்கியவாறு மேலெழுந்தால் நெஞ்சிலுள்ள காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஆதலின், தகுந்த ஆசிரியரிடம் பயிலாமல் இதில் இறங்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

பயின்றவர்களுக்குத் திருகோணமலையில் வேறொரு விருந்தும் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் இடித்தழித்த கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் சுவாமி மலையின் அடியிலே கடலுக்குள் கிடக்கின்றன. எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் 1956ஆம் ஆண்டில் அவற்றைச் சுழியோடிக் கண்டு உலகறியச் செய்தனர். 1962இல் வெளிவந்த முதலாவது முழுநீள வர்ணச் சிங்களப் படமான ‘ரன்முத்து துவ’ வில்சன் எடுத்ததே. அதில் கடலடிக் காட்சிகள் உண்டு.

போக எண்ணுவோர் சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையே போதல் வேண்டும். வாடைக்காற்று வீசத் தொடங்கினால் கடல் கொந்தளித்து நீர் கலங்கிவிடும். அக்காலத்திலுங்கூட முற்பகலே உகந்தது. நாங்கள் திரும்புகையிலேயே அலை எழத் தொடங்கிவிட்டது. வள்ளம் குலுங்கிய குலுக்கலில் அம்மையார் பேரனின் கையை இறுகப் பற்றியிருந்தார். ஆயினும், கண்ணாடியை இன்னொரு முறை தருமாறு அவர் கேட்டதை நான் கேட்டேன்.