கடைசிக் கால் மில்லிமீட்டர்

ஆர்டி 350 வெச்சிருக்கிற ரெண்டு பேர் எங்க சந்திச்சாலும் அஞ்சாவது நிமிஷம் பேச்சு பிஸ்டன்ல வந்து நிக்கும். "என்ன பிஸ்டன் போட்டிருக்கே?" பொண்ணு பார்க்கப் போன வீட்டுல மாப்பிள்ளைக்குச் சம்பளம் என்னன்னு கேக்கற மாதிரி. இறக்குமதியான ஃபோர்ஜ்டுன்னு சொன்னா ஒரு மரியாதை. உள்ளூர் போர் கிட்டுன்னு சொன்னா ஒரு 'ம்ம்'. மூணு மாசமா இதே கேள்வி எங்க வீட்டுலயும் ஓடிச்சு. அதுல தெரிஞ்சுக்கிட்டதை எழுதி வெச்சுடறேன். யாராவது ஒருத்தருக்கு ஒரு சிலிண்டர் மிச்சமானா சந்தோஷம்.

வண்டியைத் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. 1983ல எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவோட சேர்ந்து ராஜ்தூத் 350ன்னு கொண்டு வந்த வண்டி இது. ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 347 சி.சி., ஆறு கியர். பெட்ரோல் குடிக்கறதுல கும்பகர்ணன். எங்க மாமா 1986ல வாங்கினார். கோவில்பட்டியிலிருந்து புனே வந்து, கட்கி அம்யூனிஷன் ஃபேக்டரியில வேலை பார்த்தவர். இளவட்டத்துல சோழவரம் ரேஸ் பார்க்கறதுக்குன்னே லாரி பிடிச்சுப் போன ஆள். நான் படிப்பு முடிச்சு புனே ஸ்டேஷன்ல பெட்டியோட இறங்கினப்போ என்னைக் கூட்டிட்டுப் போக வந்தது இந்த வண்டிதான்.

மாமாவுக்கு இப்ப 71. முட்டி ஒத்துழைக்கறதில்லை. அவர் பையன் கிக் அடிச்சுக் கொடுத்தா, ஞாயித்துக்கிழமை காலையில கட்கியிலிருந்து ஔந்த் வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வருவார். வாரத்துல அந்த இருபது நிமிஷம் அவர் முகம் வேற மாதிரி இருக்கும்.

போன டிசம்பர்ல மாப்ள (மாமா பையனைத்தான் சொல்றேன்) வண்டியை எடுத்துக்கிட்டு கட்ராஜ் மலையேறினப்போ இடது சிலிண்டர் சீஸ் ஆயிடுச்சு. சட்டுன்னு கிளட்ச்சைப் பிடிச்சதால ஆளுக்கு ஒண்ணும் ஆகலை. வண்டி டெம்போவுல வீடு வந்து சேந்தது.

மறுநாளே மாப்ள ஆரம்பிச்சுட்டான். "அத்தான், இதான் சான்ஸ். ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டுருவோம். பெர்ஃபார்மன்ஸ் பில்டு பண்ணிருவோம்." மாமா ஒரு வார்த்தை பேசலை. "ஞாயித்துக்கிழமைக்கு ரெடியாகுமா?"ன்னு மட்டும் கேட்டார். எனக்கு வேலை சாகன்ல ஒரு கம்பெனி குவாலிட்டி டிபார்ட்மென்ட்ல. மைக்ரோமீட்டர் பிடிச்சே பதினெட்டு வருஷம் ஓடிப் போச்சு. அதனால பஞ்சாயத்து என்கிட்ட வந்தது.

புது பிஸ்டன் பத்திப் பேசறதுக்கு முன்னாடி செத்துப் போன பிஸ்டனைக் கையில எடுத்துப் பாக்கணும். போஸ்ட்மார்ட்டம் மாதிரி. டூ ஸ்ட்ரோக் பிஸ்டன்ல நாலு மூலையிலயும் உரசல் இருந்தா, பெரும்பாலும் என்ஜின் சூடாகறதுக்கு முன்னாடியே முறுக்கியிருக்காங்கன்னு அர்த்தம். பிஸ்டன் வேகமா விரிஞ்சிருக்கும், சிலிண்டர் இன்னும் விரிஞ்சிருக்காது. தலையில ஓட்டை விழுந்திருந்தா டெட்டனேஷன் மாதிரி சமாச்சாரம். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கோடு கோடா கீறியிருந்தா மிக்ஸர் லீனாகி அதிகமா சூடாகியிருக்கும், இல்லேன்னா ஆயில் பத்தாம போயிருக்கும்.

எங்க பிஸ்டன் மூணாவது வகை. அதுவும் இடது பக்கம் மட்டும். ஆர்டியில அந்தப் பக்கம்தான் கிராங்க்கோட ஆயில் சீல் வெளிக்காத்தைப் பாத்து இருக்கு. சீல் காஞ்சு போனா வழியில காத்தை உறிஞ்சும், மிக்ஸர் லீனாகும். வலது பக்கச் சீல் போனா கியர்பாக்ஸ் ஆயிலை உறிஞ்சும், வெள்ளைப் புகை கக்கி ஊரைக் கூட்டும். இடது பக்கம் சத்தம் போடாம கொல்லும். பிரஷர் டெஸ்ட்ல சோப்புத் தண்ணி அடிச்சுப் பாத்தோம். இடது சீல்ல குமிழ் குமிழா வந்தது. உலகத்துலயே உசந்த பிஸ்டனைப் போட்டிருந்தாலும் அந்தச் சீலை மாத்தாம விட்டா இன்னொரு கட்ராஜ்தான்.

இதோட இன்னொண்ணு. இப்ப பங்குல கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால்ல ஆக்சிஜன் இருக்கறதால அதே ஜெட்டுல மிக்ஸர் இன்னும் லீனாகும். புது வண்டியில இன்ஜெக்‌ஷன் கம்ப்யூட்டர் சரி பண்ணிக்கும். 1986 மாடல் கார்புரேட்டருக்கு அது தெரியாது, நாமதான் பெரிய மெயின் ஜெட் போட்டு, பிளக் கலர் பாத்துச் சரி பண்ணணும்.

அடுத்தது சிலிண்டர். இதுலதான் நிஜமான சிக்கல். ஆர்டியோட போர் 64 மி.மீ., ஸ்ட்ரோக் 54 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் கால் கால் மில்லிமீட்டரா ஏறும்: 64.25, 64.50, 64.75, 65.00. ஒவ்வொரு தடவை ரீபோர் பண்ணும்போதும் லைனர்ல இருந்து இரும்பு போகுது, திரும்பி வராது. பேங்க்ல வட்டியே இல்லாத டெபாசிட் மாதிரி, எடுக்க மட்டும்தான் முடியும். மாமாவோட வண்டி முப்பத்தி சொச்சம் வருஷத்துல மூணு தடவை எடுத்தாச்சு. 64.75ல நிக்குது. மிச்சம் ஒரே ஒரு கால் மில்லிமீட்டர்.

அதைத் தாண்டினா புது ஸ்லீவ் போட்டு மறுபடி 64க்கு வரலாம். கோலாப்பூர் பக்கம் நல்லாச் செய்யற பட்டறை இருக்கு. ஆனா டூ ஸ்ட்ரோக் லைனர் வெறும் குழாய் கிடையாது. எக்ஸாஸ்ட், டிரான்ஸ்ஃபர், இன்டேக்னு சுத்திலும் ஜன்னல். ஒவ்வொண்ணையும் பழைய உயரத்துலயே வெட்டணும். ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலும் என்ஜினோட குணமே மாறிடும். முடியாத வேலை இல்லை, கடைசியா வெச்சுக்க வேண்டிய வேலை.

போர் கேஜ் வெச்சு ஒவ்வொரு சிலிண்டரையும் மேல, நடுவுல, கீழேன்னு மூணு இடத்துல, ரெண்டு திசையில அளந்தேன். வலது சிலிண்டர் தேய்ஞ்சு 64.81. இடதுல கீறலோட ஆழத்தையும் சேத்தா 64.90. ஆக 65.00க்குப் போனா கீறல் முழுசா மறையும், பெருசா மிச்சம் இருக்காது. ஒரு பக்கம்தான் போச்சுன்னாலும் ரெண்டையும் சேத்துத்தான் ரீபோர் பண்ணணும். ரெண்டு பிஸ்டனும் ஒரே வகை, கிட்டத்தட்ட ஒரே எடையா இல்லேன்னா கைப்பிடியிலயே அதிர்வு தெரியும்.

இப்ப மாப்ளையோட ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கு வருவோம். வார்ப்பு பிஸ்டன்ங்கறது உருக்கி அச்சுல ஊத்தறது. ஃபோர்ஜ்டுங்கறது கட்டியை அழுத்தி அடிச்சு உருவாக்கறது. அடிச்சது பலம், சந்தேகமே இல்லை. டெட்டனேஷன்ல வார்ப்பு விரிசல் விட்டு உடையற இடத்துல இது கொஞ்சம் தாங்கும். ஆனா ஃபோர்ஜ்டுலயே ரெண்டு ஜாதி உண்டு. 4032ங்கற அலாய்ல சுமார் 12 சதவீதம் சிலிக்கான். 2618ல சிலிக்கான் கிட்டத்தட்ட கிடையாது. சிலிக்கான் குறைஞ்சா முரட்டுத்தனமா அடி தாங்கும், ஆனா சூட்டுல அதிகமா விரியும். கணக்குப் போட்டா, 64 மி.மீ. பிஸ்டன் 100 டிகிரி சூடாகும்போது 2618 மத்ததை விடச் சுமார் 20 மைக்ரான் கூடுதலா விரியும். தலைமுடி கனத்துல கால்வாசிதான். ஆனா நான் வார்ப்பு பிஸ்டனுக்கு வெச்ச மொத்த இடைவெளியே 45 மைக்ரான். அந்த ஃபோர்ஜ்டா இருந்தா 65, 70க்குப் போயிருப்பேன்.

அந்தக் கூடுதல் இடைவெளி என்ஜின் சூடாகற வரைக்கும் இருக்கும். அதுவரைக்கும் பிஸ்டன் உள்ளே ஆடும், டக் டக்னு சத்தம் போடும். டிராக்குல அரை மணி நேரம் முழு த்ராட்டில்ல ஓட்டறவனுக்கு அது பொருட்டே இல்லை. காலையில எட்டு மணிக்கு ஸ்டார்ட் பண்ணி, என்ஜின் நல்லாச் சூடாகறதுக்குள்ள ஔந்த்ல டீ குடிக்க நிறுத்தற 71 வயசு மனுஷனுக்கு, வண்டி பாதி நேரம் ஆடிக்கிட்டேதான் ஓடும்.

"அப்ப பவர், அத்தான்?"ன்னான். நியாயமான கேள்வி. 64லேர்ந்து 65க்குப் போனா 347 சி.சி. 358 ஆகும், மூணு சதவீதம். அவ்வளவுதான். இன்னொரு கணக்கும் சொன்னேன். ஜப்பான் ஆர்டி 350 கொடுத்தது 39 குதிரைத்திறன். இந்தியாவுல வந்த ஹை டார்க் 30.5, பின்னாடி வந்த லோ டார்க் 27. மூணுக்கும் போர் 64, ஸ்ட்ரோக் 54. அந்தப் பன்னெண்டு குதிரையும் ஒளிஞ்சிருக்கறது போர்ட்டுலயும் சைலன்சர்லயும் ஜெட்டுலயும். டூ ஸ்ட்ரோக்ல பவர் வேணும்னா அங்கதான் தேடணும். அந்த பவரைத் தாங்கறதுக்குத்தான் ஃபோர்ஜ்டு, அதுவே பவரைக் கொண்டு வராது. மாப்ள கொஞ்ச நேரம் தாடியைச் சொறிஞ்சான் :-)

அப்புறம், "போர் ஒண்ணுதானே, மாட்டிரலாம்"னு யாராவது வேற வண்டி பிஸ்டனை நீட்டினா வாங்காதீங்க. தண்ணியில குளிர்ற ஆர்டி 350 எல்சி, யமஹா பேன்ஷீ ரெண்டுக்கும் 64 X 54தான். ஆனா பின்னோட உயரம், ஸ்கர்ட்ல இருக்கற ஜன்னல், ரிங் சுத்தாம பிடிச்சு வைக்கிற சின்ன ஊசியோட இடம் எல்லாம் ஒத்துப் போகணும். அந்த ஊசி தப்பான இடத்துல இருந்தா ரிங் முனை போர்ட்டுல மாட்டி ஒடியும். டூ ஸ்ட்ரோக்ல பிஸ்டனேதான் வால்வு. அதோட உருவத்துல விளையாடக் கூடாது.

ஆக, வார்ப்பு பிஸ்டன், நல்ல கம்பெனியோடது, 65.00. நானா பேட்டையில நாலு கடை ஏறி இறங்கி, ஒரே பேட்ச்ல ஒரு ஜோடி கிடைச்சது. பிஸ்டனை வாங்கின பிறகுதான் சிலிண்டரைப் பட்டறைக்குக் கொடுக்கணும். பெட்டி மேல 65.00னு போட்டிருக்கும், ஆனா போர் போடறது பிஸ்டனோட நிஜ அளவுக்கு. ஸ்கர்ட் அடிப்பக்கம், பின்னுக்குச் செங்குத்தா அளந்தப்போ ஒண்ணு 64.957, இன்னொண்ணு 64.951. அதனால ரெண்டு சிலிண்டருக்கும் தனித்தனி அளவு, இடது வலதுன்னு மார்க் பண்ணிக் கொடுத்தேன்.

பிஸ்டனையும் சிலிண்டரையும் ராத்திரி முழுக்க ஒரே ரூம்ல வெச்சுட்டுத்தான் அளந்தேன். 20 டிகிரி ஏசி ரூமுக்கும் 38 டிகிரி பட்டறைக்கும் நடுவுல இந்த பிஸ்டன் 20 மைக்ரானுக்கு மேல வளருது. வெச்ச இடைவெளியில பாதி அதுலயே போயிடும். பட்டறைக்கார பாவு முதல்ல சிரிச்சார். அவரோட மைக்ரோமீட்டரையும் என்னோடதையும் ஒரே பிஸ்டன்ல வெச்சுக் காட்டினதும், டீ சொன்னார். போர்ட் ஓரங்களை மழுக்கி, ஹோனிங் முடிச்சு, ரெண்டாவது நாள் கொடுத்துட்டார்.

மாட்டும்போது பிஸ்டன் தலையில இருக்கற அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம். சர்க்லிப் எப்பவும் புதுசு. ரெண்டு சீலும் புதுசு. கார்புரேட்டர்ல பெரிய ஜெட்.

மாப்ளைக்கு ஒரு வாக்கு கொடுத்திருக்கேன். அவன் தனியா ஒரு ஜோடி சிலிண்டர் தேடிப் பிடிக்கட்டும். ஸ்லீவ் போட்டு, போர்ட்டை அவன் இஷ்டத்துக்கு வெட்டி, ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டு, அவனோட என்ஜினை அவன் கட்டட்டும். அளவெடுக்க நான் வரேன். மாமாவோட சிலிண்டர் மாமாவோட ஓட்டத்துக்கு.

ரன்னிங்-இன் நடக்குது. 500 கிலோமீட்டர் வரைக்கும் பாதி த்ராட்டிலுக்கு மேல கிடையாதுன்னு மாமாகிட்ட சொல்லியிருக்கேன். போன வாரம் ஓடோமீட்டர்ல 140. "மாமா, இதான் கடைசி போர். இதுக்கப்புறம் ஸ்லீவ்தான்"னேன். துணியால டேங்கைத் துடைச்சுக்கிட்டே, "எனக்கு இது போதும்டா, அப்புறம் போடறவன் போட்டுக்கட்டும்"னார்.