மகதலேனா நதியும் ஒரு தபால் தலையும்

எமது பெரியதந்தையார் சேர்த்து வைத்திருந்த தபால் தலைப் புத்தகத்தில், ஓர் ஆற்றின்மேல் ஆகாய விமானம் செல்லும் சிறு படமொன்றை இளமையிற் கண்டோம். அதனை வெளியிட்டது அரசாங்கமன்று, ஒரு விமானக் கம்பெனியே என்று அவர் கூறியபோது யாம் நம்பாது வாதாடினோம். உண்மையை அறியப் பல்லாண்டுகள் சென்றன.

தென் அமெரிக்காவின் வடபாகத்திலுள்ள கொலம்பியா தேசத்திலே, பரான்கீயா என்னும் துறைமுக நகரத்து வணிகரும் ஜெர்மானியர் சிலரும் கூடி, 1919-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி தொடங்கிய ‘ஸ்காட்டா’வே அக்கம்பெனி. அந்நாட்டுத் தலைநகராகிய பொகொட்டா சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் மலைகளிடையே உள்ளது. கடற்கரையினின்று அங்குச் செல்வோர்க்கு மகதலேனா நதியே பெருவழி. நீராவிக் கப்பலில் ஏறியவர், இரயில் ஏறவேண்டிய ஹிரார்தோ துறையை அடைய ஒரு வாரத்திற்கு மேலாகும். நீர் வற்றிக் கப்பல் மணல் திட்டில் தட்டிவிட்டாலோ, வாரங்கள் பல கழியும்.

இடர் விளைத்த அந்நதியையே அவர்கள் துணையாகக் கொண்டனர். விமானம் இறங்க நிலமில்லை, நீர் இருந்தது. மிதவைகள் பூட்டிய யுங்கர்ஸ் உலோக விமானங்கள், நான்கு பிரயாணிகளையும் தபால் மூட்டைகளையும் சுமந்து, ஆற்றினின்று எழுந்து ஆற்றிலேயே இறங்கின. ஒரு வாரப் பிரயாணம் ஏழெட்டு மணி நேரமாயிற்று. விமானத் தபாலுக்குத் தாமே தலை அச்சிட்டு விற்கும் உரிமையும் கம்பெனிக்குக் கிடைத்தது.

யாம் கல்லூரி விடுதியிலிருந்த காலத்தில், அன்னையார் நோயுற்ற செய்தியைத் தாங்கிய கடிதம், வெள்ளத்தால் வழி அறுந்து நான்கு நாள் தாமதித்து வந்தது. யாம் வீடு சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டன. ஒரு நாளின் விலை இன்னதென்று அன்று உணர்ந்தோம். அத்தபால் தலையின் பொருளும் அதன் பின்னரே விளங்கிற்று.

வழி திறந்தவர்கள் அதற்கு விலையும் கொடுத்தனர். 1924-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் தேதி, கம்பெனியை நிறுவியோருள் ஒருவரான எர்னஸ்டோ கோர்டிஸோஸும், விமானி ஹெல்முத் வான் க்ரோனும், ‘தோலிமா’ என்னும் தம் விமானம் பரான்கீயாவில் வீழ்ந்து மாண்டனர். அதன் பின்னும் கம்பெனி தளரவில்லை. அதனை முடித்தது வானமன்று, யுத்தம். பனாமாக் கால்வாய்க்கு அருகே ஜெர்மானியர் பறப்பதை அமெரிக்கர் அஞ்சினர். பெரும்பங்குகளோ முன்னரே அமெரிக்கரின் பான் அமெரிக்கன் கம்பெனிக்குச் சென்றிருந்தன. 1940-இல் ஜெர்மானிய ஊழியர் நீக்கப்பட்டனர். ஸ்காட்டா வேறொரு கம்பெனியுடன் இணைந்து ‘அவியாங்கா’ ஆயிற்று.

பழைய பெயர் மறைந்தது. ஆயினும் பரான்கீயாவின் விமான நிலையம் கோர்டிஸோஸின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அத்தபால் தலைப் புத்தகம் இன்று எம்மிடம் உள்ளது. ‘தாங்கள் கூறியது மெய்’ என்று சொல்லப் பெரியதந்தையார்தாம் இல்லை.