டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எந்த பேஸ்ட்? ஒரு மயக்க டாக்டரின் பதில்

1) ஆர்டி 350 எஞ்சினைப் பிரிச்சுப் போட்ட படத்தைப் பகிர்ந்ததில் இருந்து இன்பாக்ஸில் ஒரே கேள்விதான். "டாக்டர், கேஸ் ஜாயின்ட்டுக்கு என்ன பேஸ்ட் போட்டீங்க?" பேரைச் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா பேரு மட்டும் தெரிஞ்சா உங்க எஞ்சின் பிழைக்காது. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை, டீ எடுத்துக்கிட்டு வாங்க.

2) வண்டி ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் இந்தியாவில் கொண்டுவந்தது. 347 சிசி, இரண்டு சிலிண்டர். எங்க அப்பா ஆசையா வாங்கினது. இப்போ அண்ணன் பையன் ஓட்டுறான். நாலு மாசம் முன்னாடி நல்ல வேகத்தில் போறப்போ இடது பிஸ்டன் பிடிச்சு, பின்சக்கரம் அப்படியே நின்னுடுச்சு. சட்டுனு கிளட்சைப் பிடிச்சதால தப்பிச்சான்.

3) நான் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். தொடை எலும்பு உடைஞ்சு டேபிளுக்கு வர்ற பைக் பசங்களை அடிக்கடி பாக்குறவன். அதனால இந்த எஞ்சின் வேலை எனக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை. "சித்தப்பா, அடுத்த மாசம் ஓட்டலாமா?"ன்னு அவன் கேக்குறப்போ, ஓட்டலாம்னு நான் தெரிஞ்சுதான் சொல்லணும்.

4) ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் கேஸ் லேசா கசிஞ்சா தரையில் ஆயில் சொட்டும். துடைச்சுக்கலாம். டூ-ஸ்ட்ரோக்கில் கதையே வேற. பிஸ்டன் மேலே போறப்போ கீழே இருக்கிற கிராங்க் அறையில் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல்-காற்றுக் கலவையை உள்ளே இழுக்கும். கீழே வர்றப்போ அதே அறை அந்தக் கலவையை அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளும். அதாவது அந்த அறைதான் எஞ்சினோட நுரையீரல்.

5) நெஞ்சுக்கூட்டில் ஓட்டை விழுந்தா என்ன ஆகும்? மூச்சு இழுக்கிறப்போ காற்று மூக்கு வழியா வராம ஓட்டை வழியா உள்ளே போகும். நுரையீரல் சுருங்கிடும். கேஸ் ஜாயின்ட் கசிஞ்சாலும் கார்புரேட்டர் அளந்து விடாத காற்று திருட்டுத்தனமா உள்ளே போகும். கலவையில் பெட்ரோல் குறையும். சூடு ஏறும். பிஸ்டன் விரிஞ்சு சிலிண்டரைக் கவ்வும்.

6) இந்த எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி கிராங்க் அறை. வலது பிஸ்டன் பளபளன்னு இருக்க, இடதில் மட்டும் கீறல் இருந்தா, இடது பக்கம்தான் எங்கேயோ காற்று போகுதுன்னு சந்தேகப்படணும். முன்னாடி வேலை பார்த்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் இடது கார்புரேட்டர் ஜெட்டைப் பெருசாக்கிக் கொடுத்திருந்தாங்க. காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்துட்டு, காய்ச்சல் எதனாலன்னு பாக்காத மாதிரி.

7) கேஸைப் பிரிச்சோம். ஜாயின்ட் முழுக்க கேக்குக்கு கிரீம் போட்ட மாதிரி சிலிக்கான் பேஸ்ட். உள்பக்கம் பிதுங்கின பகுதி பெட்ரோல் குடிச்சு ஊறி, தொட்டாலே பிஞ்சு வந்துச்சு. இடது ஓரத்தில் ஒரு துண்டையே காணோம். அது எந்தத் துவாரம் வழியா எங்கே போச்சோ!

8) இப்போ பேஸ்ட்டுக்கு வருவோம். இந்த எஞ்சின் கேஸ் மேல் பாதி, கீழ் பாதின்னு பிரியும். கிராங்க் பேரிங் பாதி மேலே, பாதி கீழே உக்காரும். அதனாலதான் கம்பெனியிலேயே நடுவில் பேப்பர் பேக்கிங் கிடையாது. நடுவில் தடிமனா எதை வெச்சாலும் பேரிங்கைப் பிடிக்கிற இறுக்கம் மாறிடும். நமக்கு வேண்டியது பள்ளத்தை நிரப்புற பேஸ்ட் இல்லை. மெல்லிய படலமா நிக்கிற பேஸ்ட்.

9) கடையில் கிடைக்கிறதை நாலு வகையா பிரிக்கலாம். முதல் வகை, ஷெல்லாக். பழைய மெக்கானிக்குகள் கைவாகு. அரக்கை ஆல்கஹாலில் கரைச்சது. காய்ஞ்சா கெட்டியாகி நொறுங்கும். முக்கியமா, ஆல்கஹாலில் கரையிற பொருள் அது. இன்னிக்கு பங்க்கில் கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அதுவும் ஆல்கஹால்தான். அதனால வேண்டாம்னு வெச்சேன்.

10) இரண்டாவது, ட்யூப்பில் வர்ற சிலிக்கான். ஆயிலைத் தாங்கும், கிளட்ச் கவருக்கு நல்லா இருக்கும். பெட்ரோல் பட்டா பொதுவா ஊறி உப்பும். பரப்பு சரியா இருந்து மெல்லிசா தடவினா இதிலும் ஓட்டுறவங்க உண்டு. பிரச்சினை எல்லாம் பிதுங்குற பகுதியில்தான். பிதுக்கினதும் வினிகர் வாசனை வந்தா அது அசிட்டிக் அமிலம். அலுமினியத்துக்கு அது ஆகாது.

11) மூணாவது, காற்றில்லா இடத்தில் இறுகுற வகை. லாக்டைட் 518 மாதிரி. டெட்டனஸ் கிருமி ஆக்சிஜன் இல்லாத ஆழமான காயத்தில் வளரும் இல்லையா, அந்த மாதிரி இந்த பேஸ்ட் இரண்டு உலோகத்துக்கு நடுவில் காற்று இல்லாம மாட்டினாத்தான் இறுகும். வெளியே பிதுங்கினது திரவமாவே இருந்து கழுவிட்டுப் போயிடும், எதையும் அடைக்காது. நல்ல குணம். ஆனா அலுமினியத்தில் இறுக நேரம் எடுக்கும். கால் மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தா இதை நம்பக் கூடாது.

12) நாலாவது, முழுசா இறுகாம பாதி காய்ஞ்சு பிசுபிசுன்னு நிக்கிற வகை. யமஹாபாண்ட் 4 இந்த ஜாதி. பெட்ரோலைத் தாங்கும், மெல்லிசா பரவும், நாளைக்குத் திரும்பப் பிரிக்கணும்னா கேஸை நெம்பி உடைக்க வேண்டாம். நான் தேர்ந்தெடுத்தது இதைத்தான். ட்யூப்பில் தேதி பார்த்து வாங்குங்க. மருந்துக்குப் பாக்குற மாதிரியே.

13) எவ்வளவு தடவணும்? மூச்சுக்குழாயில் வைக்கிற ட்யூப்பைச் சுத்தி ஒரு பலூன் இருக்கும். காற்று கசியாம அடைக்கிறது அதன் வேலை. அதை 20-ல் இருந்து 30 செ.மீ. நீர் அழுத்தத்துக்குள்தான் ஊதுவோம். கூட ஊதினா இன்னும் நல்லா அடைக்கும்னு நினைச்சா, மூச்சுக்குழாய்ச் சுவருக்கு ரத்தம் போகாம புண்ணாகும். பேஸ்ட்டும் அப்படித்தான். ஒரு பாதியில் மட்டும், விரலால் இழுத்து, அடியில் உலோகம் மங்கலா தெரியிற அளவுக்கு. பேரிங் உக்காரும் இடத்தில் ஒரு பொட்டுகூட கூடாது.

14) தடவுறதுக்கு முன்னாடி வேலைதான் அதிகம். பழைய பேஸ்ட்டை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டாதீங்க. ஒவ்வொரு கீறலும் காற்றுக்கு ஒரு வாய்க்கால். ஊற வெச்சு, மரச் சில்லால் எடுங்க. கடைசியா தின்னரால் துடைச்சு, அதுக்கப்புறம் விரல் படாம வெச்சுக்கோங்க. எமரி பேப்பர் வெச்சு தேய்க்கவே வேண்டாம். இந்த எஞ்சினில் ஜாயின்ட்டைத் தேய்ச்சா பேரிங் துவாரம் வட்டம் மாறிடும்.

15) எல்லாம் மாட்டியாச்சு. இப்போ நல்லா அடைச்சிருக்கான்னு எப்படித் தெரியும்? தியேட்டரில் தினமும் காலையில் முதல் நோயாளி வர்றதுக்கு முன்னாடி மயக்க மருந்து மெஷினை 30 செ.மீ. நீர் அழுத்தத்துக்கு ஏத்தி, குறைஞ்சது 10 விநாடி முள் இறங்காம நிக்குதான்னு பார்ப்போம். நேத்து நல்லா இருந்துச்சேன்னு யாரும் விட மாட்டோம். எஞ்சினுக்கும் அதே மரியாதை கொடுக்கணும்.

16) கருவி உங்க வீட்டிலேயே இருக்கலாம். பிபி பாக்குற பம்ப். டூ-ஸ்ட்ரோக் கேஸை ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ அழுத்தத்தில் சோதிப்பாங்க. பிபி மீட்டரின் கடைசிக் கோடு 300 மி.மீ. பாதரசம், அது 5.8 பிஎஸ்ஐ. இரண்டு சைலன்சர் வாயையும், ஒரு கார்புரேட்டர் வாயையும் ரப்பர் ஷீட் வெச்சு அடைச்சோம். இன்னொரு வாயில் பிபி பம்ப். இரண்டு அறைக்கும் நடுவில் இருக்கிற சீல் முழுசா அடைக்காது, அதனால இரண்டையும் சேர்த்துத்தான் பாக்கணும்.

17) 300-க்கு ஏத்தினோம். ஒரு நிமிஷத்தில் 220. மெக்கானிக் அண்ணன் முகம் வாடிடுச்சு. "சார், பேஸ்ட் சரியில்லையோ?" சோப்புத் தண்ணி அடிச்சுப் பார்த்தோம். கேஸ் ஜாயின்ட்டில் ஒரு குமிழிகூட இல்லை. நுரை வந்தது இடது பிளாக்குக்கு அடியில், பத்து ரூபா பேப்பர் பேக்கிங்கில். புது பேக்கிங்தான், மடிப்பில் லேசா விரிசல். அப்படியே ஸ்டார்ட் பண்ணியிருந்தா மறுபடியும் அதே இடது பிஸ்டன்தான் போயிருக்கும். பழி நல்ல பேஸ்ட் மேல விழுந்திருக்கும்.

18) வேற பேக்கிங் போட்டோம். 300-ல் வெச்சு ஆறு நிமிஷம், முள் 290-ல் நின்னுச்சு. அப்புறம் ரீட் வால்வைக் கழட்டிட்டு, 50 மில்லி சிரிஞ்சும் மூணு வழி ஸ்டாப்காக்கும் வெச்சு காற்றை வெளியே இழுத்து வெற்றிடத்திலும் பார்த்தோம். அழுத்தத்தில் தாங்குற ஆயில் சீல், வெற்றிடத்தில் உதட்டை விட்டுடலாம். இரண்டும் பாஸ். அண்ணன் பிபி பம்பைக் கையில் வெச்சுக்கிட்டே, "சார், இது இங்கேயே இருக்கட்டும்"னார். கொடுத்துட்டேன்.

19) பழைய டூ-ஸ்ட்ரோக் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரே வேண்டுகோள். எஞ்சின் வேலை முடிஞ்சதும் மெக்கானிக்கிட்ட என்ன பேஸ்ட் போட்டீங்கன்னு கேளுங்க, தப்பில்லை. ஆனா லீக் டெஸ்ட் பண்ணீங்களா, முள் எங்கே நின்னுச்சுன்னு கட்டாயம் கேளுங்க. பண்ணலைன்னா பக்கத்தில் நின்னு பண்ணச் சொல்லிப் பாருங்க. அரை மணி நேர வேலை. அந்த வண்டியில் உக்காரப் போறது உங்க வீட்டுப் பிள்ளை.