கசகசாவும் காகிதமும்

பீளமேட்டில் குடியிருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. விமானம் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. குக்கர் விசிலையும் அமுக்கிக்கொண்டு தலைக்கு மேலேயே போகும். அப்படிப்பட்ட ஒரு விமானத்தில், போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் புறப்படுவதாக இருந்தான். ஷார்ஜாவில் இறங்கி, அங்கிருந்து சவூதி அரேபியாவில் உள்ள தம்மாம் நகருக்குப் பிரயாணம். பவுண்டரியில் ஐந்து வருஷம் மோல்டிங் வேலை பார்த்தவன். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டது.

முதல் நாள் சாயங்காலம் அவன் தாயார் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க அம்மிணி, நீங்கதான் அந்த ஊர்ல இருந்துட்டு வந்தவிங்க. பொட்டி கட்டியிருக்கறது செரியா இருக்குதான்னு வந்து ஒருக்காப் பாருங்களேன்."

போனேன். பெட்டியைத் திறந்ததும் கமகமவென்று ஒரு வாசனை! கறி மசால் பொடி, ஒரு கிலோ இருக்கும். அதன் பக்கத்திலே, குருமாவுக்கென்று கால் கிலோ கசகசா, தனிப் பொட்டலமாக.

"ஐயையோ அக்கா, இதை எடுங்கள் முதலில்!" என்று கத்திவிட்டேன்.

அக்கா திகைத்துப் போனாள். "கசகசாவுங்களா? அதென்ன கஞ்சாவா?"

அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? நம் ஊரில் மளிகைக் கடையில் பகிரங்கமாக வாங்குகிற சாமான் அது. ஆனால் அபினிச் செடியின் விதைதானே கசகசா? சவூதியிலும் ஐக்கிய அரபு நாடுகளிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். பெட்டியில் இருந்தால் போதைப் பொருள் வழக்கு. மசால் பொடியில் அரைத்துச் சேர்த்திருந்தாலும் அதேதான். அக்காவின் பொடியில் சேர்ந்துதான் இருந்தது. போதைப் பொருள் கடத்தலுக்குச் சவூதியில் மரண தண்டனை வரை உண்டு என்றதும், அக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். இருமல் மருந்தும் வலி மாத்திரையும்கூட அப்படித்தான். கோடீன், டிரமடால் கலந்தவற்றை இஷ்டம்போல் கொண்டுபோக முடியாது. "அங்கே என் தம்பியிடம் கொடுத்துவிடு" என்று யாராவது நீட்டுகிற பொட்டலத்தைத் தொடவே கூடாது.

நான் ரியாத்தில் குடித்தனம் நடத்தியது 2014 முதல் இரண்டு வருஷம், கணவரின் உத்தியோகத்தின் பொருட்டு. போகும்போது எனக்கு இருந்த பயமெல்லாம் கறுப்பு அங்கியைப் பற்றித்தான். அபாயா என்பார்கள். அப்போது அந்நியப் பெண்களும் அதை அணிந்துதான் வெளியே போகவேண்டும். ஓட்டலில் குடும்பங்களுக்கு ஒரு வாசல், தனி ஆண்களுக்கு ஒரு வாசல். பெண்கள் கார் ஓட்டக்கூடாது. தொழுகை நேரத்தில் கடைகள் மூடிவிடும்.

ஒரு நாள் அந்தி வேளையில் கைக்குழந்தையோடு பால் பவுடர் வாங்கப் போனேன். நான் படியேறவும் ஷட்டர் இறங்கவும் சரியாக இருந்தது. குழந்தை வீல் வீலென்று அலறுகிறது. எனக்கோ அழுகை முட்டுகிறது. பக்கத்துப் பெஞ்சில், கண் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள். தன் பையைத் துழாவி ஒரு பிஸ்கட்டை எடுத்துக் குழந்தை கையில் வைத்தாள். எனக்கு அரபி தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அதற்கப்புறம் ஷட்டரைக் கண்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. தொழுகை அட்டவணையைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டேன், அவ்வளவுதான்!

இப்போது அதிலெல்லாம் எவ்வளவோ மாறுதல். 2018இல் பெண்கள் கார் ஓட்ட ஆரம்பித்தார்கள். சினிமாக் கொட்டகையும் அதே வருஷம் திறந்தது. 2019இல் அந்நியப் பெண்களுக்கு அபாயா கட்டாயம் போயிற்று. அடக்கமான உடுப்பாக இருந்தால் போதும். இரண்டு வாசல் வைக்க வேண்டும் என்ற விதியும் அந்த வருஷக் கடைசியில் போயிற்று.

ஆனால் போகாதவை இருக்கின்றன. அவற்றைத்தான் பையனை உட்கார வைத்துச் சொன்னேன். சாராயம் 1952இலிருந்து தடை. அறையில் ரகசியமாகக் காய்ச்சுகிறவர்களோடு சேர்ந்தால் அவர்களோடுதான் சிறைக்கும் போகவேண்டும். ரம்ஜான் மாதத்தில் பகலில் பிறர் முன்னால் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது, சிகரெட்டும் அப்படியே. கோட்டைமேட்டுச் சிநேகிதன் வீட்டு நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்த பையனுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. பெண்களைப் போட்டோ எடுக்கக்கூடாது. முதலாளியிடம், "வீட்டில் அம்மா சௌக்கியமா?" என்று அவர் சம்சாரத்தை விசாரிப்பது நம் ஊரில் மரியாதை, அங்கே அதிகப்பிரசங்கித்தனம். அரசரையோ மதத்தையோ பற்றிச் செல்போனில் வேடிக்கையாகக்கூட எழுதக்கூடாது.

"அக்கா, மருதமலை முருகன் படம்?" என்றான்.

அபுதாபியில் 2024இல் பெரிய இந்துக் கோயிலே திறந்தார்கள். ஆனால் அபுதாபி வேறு, சவூதி வேறு. இங்கே கோயிலும் கிடையாது, நாலு பேர் பார்க்கப் பூஜையும் கிடையாது. "மனசுக்குள்ளே கும்பிட்டுக்கொள், தம்பி" என்றேன்.

வெயிலைப் பற்றியும் ஒரு நல்ல செய்தி சொன்னேன். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை திறந்த வெளியில் வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று அங்கே உத்தரவு. இது தெரியாமலே வேலை செய்கிற நம்மவர்கள் உண்டு.

இவ்வளவும் சொல்லிவிட்டு, கிளம்பும் சமயத்தில்தான், "விசாக் காகிதத்தைக் காட்டு, பார்க்கலாம்" என்றேன். பத்திரிகைக்காரிக்கு வாய் சும்மா இருக்காதே!

செல்போனில் காட்டினான். வேலை விசா அல்ல. விசிட் விசா!

"அங்க போயி மாத்திக்கலாம்னு ஏஜெண்டு சொன்னாருங்க."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. விசிட் விசாவில் வேலை செய்தால் அது சட்ட விரோதம். பிடிபட்டால் அபராதம், சிறை, நாடு கடத்தல். "இகாமா" என்ற குடியிருப்பு அட்டைதான் அங்கே ஒரு தொழிலாளிக்கு உயிர். சம்பளம், ஆஸ்பத்திரி, பாங்குக் கணக்கு எல்லாம் அதை வைத்துத்தான். அது இல்லாதவன் சம்பளம் வரவில்லை என்று எந்த அதிகாரியிடம் போய் நிற்பான்? 2021 மார்ச்சில் சவூதி அரசு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஒரு வருஷம் வேலை பார்த்த தொழிலாளி, முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம் என்று. பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்ளக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் முறைப்படி ஒப்பந்தம் உள்ளவனுக்குத்தானே?

பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்ற அனுமதி தேவை. சவூதி உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள், 1983ஆம் வருஷச் சட்டப்படி அந்த அனுமதி வாங்கவேண்டும். தொல்லை என்று தோன்றும். ஆனால் அந்த வழியில் போனால்தான் ஒப்பந்தம் அரசாங்கத்தின் இ-மைக்ரேட் பதிவில் ஏறும். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கிடைக்கிற இன்ஷூரன்சும் உண்டு. விசிட் விசா என்பது இத்தனையையும் தாண்டிக் குதிக்கிற குறுக்கு வழி.

அங்கேயே உட்கார்ந்து இ-மைக்ரேட் பட்டியலில் ஏஜெண்டின் பெயரைத் தேடினோம். எழுத்துக்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். இல்லை.

"எவ்வளவு கொடுத்தீர்கள், அக்கா?"

அக்கா பதில் சொல்லவில்லை. கை மட்டும் கழுத்துக்குப் போயிற்று. நாலு பவுன் சங்கிலி அங்கே இல்லை. அடகு வைத்து 1,20,000 ரூபாய் கொடுத்திருந்தார்கள். பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய கட்டணமே 30,000 ரூபாயும் அதன் மேல் வரியும்தான்!

"டிக்கெட் எடுத்தாச்சுங்களே அக்கா" என்றான் பையன், மெதுவாக. பவுண்டரியில் கணக்குத் தீர்த்துவிட்டான். சிநேகிதர்கள் விருந்து வைத்துவிட்டார்கள். தெருவெல்லாம் சொல்லியாயிற்று. போகாமல் இருந்தால் மானம் போகும். போனாலோ?

இரவு பதினொரு மணி வரை பேசினோம். பெட்டியை மறுபடி திறந்து துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கியது அக்காதான். நான் சொல்லி அல்ல. "மானம் போனாச் சம்பாரிச்சுக்கலாம், கண்ணு" என்று அவளே எழுந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அந்த விமானம் எங்கள் தலைக்கு மேலே போனபோது மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்தோம். ஏஜெண்டிடமிருந்து போலீசில் மனுக் கொடுத்துப் பாதிப் பணம் வந்திருக்கிறது. மீதிக்கு இன்னும் நடக்கிறார்கள். பையன் பவுண்டரிக்கே திரும்பிவிட்டான். சென்னையில் உள்ள தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறான். மோல்டிங் வேலைக்கு அழைப்பு வந்தால் போவானாம். அக்கா மறுக்கவில்லை.

அந்த மசால் பொடியில் பாதியை எனக்குக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்புக்கு அதுதான் போடுகிறேன்.